சம்பந்தியோடு கோட்டை பார்க்கப் போனது

என் மகளும் மருமகனும் இத்தாலியில் இருக்கிறார்கள். மருமகனுக்கு அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. போன வருடம் ஈஸ்டர் விடுமுறையில் இருவரும் கார் எடுத்துக்கொண்டு கிராமப்புறமாக எங்கெங்கோ சுற்றிவிட்டு, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் படமாக அனுப்பித் தள்ளினார்கள். குன்றின் மேல் கோட்டை, அதன் காலடியில் சந்து சந்தாகப் பழைய ஊர், ஊர் நடுவே சர்ச். எனக்கு ஒரு ஊருக்கும் இன்னொரு ஊருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனாலும் ஒன்று விடாமல் எல்லாப் படத்துக்கும் கட்டைவிரல் பொம்மை போட்டேன்.

என் சம்பந்தியம்மா, அதாவது மருமகனின் தாயார், அந்தக் குழுவில் வாயே திறப்பதில்லை. அவர் இருப்பது பெரம்பலூரில், நாங்கள் அரியலூரில். அரசாங்க ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கஞ்சி போட்ட காட்டன் புடவை, நிமிர்ந்த முதுகு, அளந்த பேச்சு. கல்யாணம் முடிந்து சில வருடங்கள் ஆகியும் பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் எங்களுக்குள் பேச்சு. "நல்லாருக்கீங்களா?" "நல்லாருக்கோம்ங்க. அங்க மழை உண்டா?" அதோடு சரி. அவரிடம் போனில் பேசுவதற்கு முன்னால்கூட நான் முந்தானையைச் சரிசெய்துகொள்வேன்.

படங்கள் வந்த அன்று சாயங்காலம் அவரே கூப்பிட்டார்.

"சம்பந்தி, படமெல்லாம் பாத்தீங்களா?"

"பாத்தேங்க. நல்லாருக்கு."

"நல்லாத்தான் இருக்கு. கோட்டைய என்னமோ இவுங்கதான் கண்டுபுடிச்ச மாதிரி அனுப்புறாங்களே! நம்ம ரஞ்சன்குடியில இல்லாத கோட்டையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க உள்ள போயிப் பாத்துருக்கீங்களா?"

"இல்லீங்க. மெட்ராஸ் போறப்ப பஸ்லேர்ந்து பாக்குறதோட சரி. நீங்க?"

"நானும் அப்புடித்தாங்க."

"அப்ப புதன்கெழம வாங்க. போயிப் பாத்துட்டே வந்துடுவோம்."

என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டு டி.வி. சத்தத்தைக் குறைத்தார். "கோட்டைக்கா?" என்றார். பிறகு, "அந்தம்மாகூடயா?" என்றார். இரண்டாவது கேள்வியில்தான் கவலை அதிகம்.

புதன்கிழமை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அவர் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். அதே கஞ்சிப் புடவை. ஆனால் அதற்குக் கீழே பளிச்சென்று வெள்ளை ஷூ. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "மவன் அனுப்புனது. வாக்கிங் போவச் சொல்லி. இன்னைக்குத்தான் பொட்டியப் பிரிச்சேன்" என்றார்.

டவுன் பஸ்ஸில் ஏறினோம். பெண்களுக்கு இலவசம் என்பதால் உட்கார இடம் கிடைப்பதே பெரிய விஷயம். மக்காச்சோளக் காடுகளைத் தாண்டி, வாலிகண்டபுரத்துக் கோபுரம் தெரிந்ததும் இரண்டு பேரும் ஜன்னல் வழியாகவே கும்பிட்டுக்கொண்டோம். நெடுஞ்சாலையில் இறங்கி ஊருக்குள் நடந்தபோது எதிரே வந்த பெண் ஒருத்தி, "கோட்டைக்கா போறீங்க? ரெண்டு பேரு மட்டுமா?" என்று நின்று கேட்டாள். "ஏன், ரெண்டு பேருக்கு உடமாட்டாங்களா?" என்றார் சம்பந்தி.

பஸ்ஸிலிருந்து பார்க்கும்போது அது ஒரு கல் சுவர்தான். உள்ளே போனால்தான் அதன் பெருமை தெரிகிறது. அகழி, அரைவட்டமாகப் பிதுங்கி நிற்கும் காவல் கொத்தளங்கள், வளைந்து நுழைகிற வாசல். ஒரு சுவரைத் தாண்டினால் உள்ளே இன்னொரு சுவர். சித்திரை வெயிலிலும் கல் நிழல் குளுகுளுவென்று இருந்தது. மேலே கிளிகள் கத்திக்கொண்டிருந்தன.

உச்சிக்கு ஏறும் படிகள் தேய்ந்து சாய்ந்து கிடந்தன. நான் செருப்போடு ஏறினேன். பாதியில் கால் வழுக்கியது.

"ஏய், பாத்துடி!"

அவர் என் கையை எட்டிப் பிடித்த வேகத்தில் வளையல் ஒன்று உடைந்தது. இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பிறகுதான் அவர் என்ன சொன்னார் என்பது இருவருக்கும் உறைத்தது. அவர் முகம் சிவந்துவிட்டது.

"தப்பா நெனச்சுக்காதீங்க சம்பந்தி. பதட்டத்துல வந்துட்டு."

"நீங்க வேற! என்னைய 'டி'ன்னு ஒருத்தரு கூப்புட்டு எத்தன வருசமாச்சு" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு முட்டிக்கொண்டது. அவரும் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதே இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார், கஞ்சிப் புடவை கசங்கினால் கசங்கட்டும் என்று.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. கீழே நெடுஞ்சாலையில் லாரிகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி அவர் சொன்னார்:

"அங்க பாருங்க, சென்னை பஸ்ஸு. நம்மள மாதிரி எத்தன பேரு சன்னல்லேர்ந்து பாத்துட்டே போறாளுவளோ."

இரண்டு பேரும் எழுந்து நின்று கையாட்டினோம். யார் கண்ணிலும் பட்டிருக்காது. அதனாலென்ன?

அன்று நாங்கள் எடுத்த படங்களில் பாதியில் என் நெற்றி மட்டும்தான் இருந்தது. அதையும் குழுவில் போட்டோம். மருமகன், "அம்மா, இது எந்த ஊரு?" என்று கேட்டிருந்தார். "ஒன்னோட ஊருதான்" என்று பதில் எழுதினார் அவர்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு தடவையாவது எங்காவது கிளம்பிவிடுகிறோம். கல்லங்குறிச்சிப் பெருமாளைப் பார்த்தோம். வாலிகண்டபுரத்தில் கோயில் தூண்களைப் பார்த்துவிட்டு வரும் வழியில் ஒரு களத்துமேட்டில் சின்ன வெங்காயம் கேட்டு, அங்கிருந்தவர்கள் கொடுத்ததைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தோம். "ங்க" எங்கள் பேச்சில் ஒரு சமயம் இருக்கும், ஒரு சமயம் இருக்காது.

ஐப்பசியில் அவர் சொன்னார்: "சர்ச்சு ஒண்ணு பாக்கியிருக்கே."

ஏலாக்குறிச்சிக்குப் போனோம். அடைக்கல மாதா கோயில். குளத்தில் உயர்ந்து நிற்கும் மாதா சிலையைச் சுற்றிவரும்போதே மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. அந்த ஊரில் தங்கித் தமிழ் படித்து, தமிழிலேயே எழுதிய இத்தாலிப் பாதிரியாரின் கதை அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சம்பந்தி குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவரு அங்கேருந்து கெளம்பி இங்க வந்துருக்காரு. நம்ம புள்ளைங்க இங்கேருந்து அங்க போயிருக்கு. அவரப் பெத்தவளும் நம்மள மாதிரி யோசிச்சிருப்பா, சாப்புட்டானோ என்னமோன்னு."

மழை சடசடவென்று இறங்கியது. ஓடிப்போய்க் கோயிலுக்குள் ஒதுங்கினோம். உள்ளே ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்காகச் சில பெண்கள் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பின் வரிசையில் ஈரத்தோடு உட்கார்ந்தோம். மாதா பாட்டு ஒன்றைத் தொடங்கினார்கள். நடுவில் ஓர் இடத்தில் குரல் ஏறாமல் நின்றுபோனது. மறுபடி தொடங்கினார்கள், மறுபடியும் அதே இடத்தில் நின்றது. மூன்றாவது முறை அந்த இடம் வந்தபோது என் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்து, அந்த மேட்டை அநாயாசமாக ஏறி இறங்கியது.

முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும்தான். சம்பந்தி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"முன்னாடி வாங்கம்மா" என்றாள் பாட்டு சொல்லிக்கொடுத்த பெண்.

"அய்யோ, நாங்க கோயில் பாக்க வந்தவங்கம்மா."

"அதனால என்னங்க? வாங்க!"

நான் முழங்கையால் இடித்தேன். அவர் போனார். மழை ஓயும்வரை பாடினார். திருச்சியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில், விடுதியில் தங்கிப் படித்தவராம். தினமும் விடியக்காலையில் கேட்டுக் கேட்டு எல்லாப் பாட்டும் மனப்பாடம். திரும்பி வந்து உட்கார்ந்தபோது மூச்சு வாங்கியது, கண்ணெல்லாம் மினுமினுத்தது.

"இத்தன வருசமா ஏன் பாடல?" என்று கேட்டேன்.

யோசித்தார். "பாடாதன்னு யாரும் சொல்லல. பாடுன்னும் யாரும் சொல்லல."

பாட்டை என் போனில் பதிவு செய்திருந்தேன். அனுப்பவா என்று கேட்டதற்கு முதலில் வேண்டாமென்று தலையாட்டினார். இன்னொரு முறை போட்டுக் காட்டச் சொல்லிக் காதோடு வைத்துக் கேட்டார். "சரி, அனுப்பு" என்றார்.

பஸ்ஸுக்காக மரத்தடியில் நின்றபோது வீடியோ அழைப்பு வந்தது. திரையில் என் மகளும் மருமகனும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அம்மா, நீ பாடுவியா? எனக்குத் தெரியவே தெரியாதே!"

"நீ கேட்டியா?" என்றார் சம்பந்தி. முகமெல்லாம் சிரிப்பு.

"அத்தை, நாங்க மார்கழியில வர்றோம். எங்களையும் இந்த எடத்துக்கெல்லாம் கூட்டிட்டுப் போங்க" என்றாள் என் மகள்.

"ஒங்களயா?" என்று என்னைப் பார்த்தார். "என்ன சொல்றீங்க, சேத்துக்கலாமா?"

"கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வேணா வரட்டும்" என்றேன். "நல்லா நடப்பாங்களான்னு பாத்துட்டு அப்புறம் சொல்லுவோம்."

அதற்குள் திருப்பத்தில் பஸ் தெரிந்தது. கூட்டம் அதிகம். "பஸ்ஸு வந்துட்டு, வச்சுடுறேன்" என்று அவர் போனை என் கையில் திணித்துவிட்டு, இடம் பிடிக்க முன்னால் ஓடினார்.