வசந்த காலத்து அணியும் ஒரு கலியாண மண்டபமும்

வெம்பிளியின் பழைய மைதானத்தை இடித்த நாட்களில் நான் அதற்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தேன். இரண்டு வெள்ளைக் கோபுரங்களையும் இயந்திரம் கடித்து இறக்குவதைப் பார்க்கத் தெருமுனையில் எப்போதும் ஒரு சிறு கூட்டம் நிற்கும். பெரும்பாலும் உதைபந்தாட்ட ரசிகர்கள். தாங்கள் பார்த்த இறுதி ஆட்டங்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டு நிற்பார்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் அந்தக் கதைகளில் சேரமாட்டார். மலேசியாவிலிருந்து பொறியியல் படிக்க வந்து, இங்கேயே தங்கி, கவுன்சிலில் வேலை பார்த்தவர். கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நிற்பார்.

"அண்ணே, நம்ம டீம் ஆடுன எடம் இது," என்றார் ஒருநாள்.

எந்த அணி என்று கேட்டேன். அமெரிக்கன் ஃபுட்போல் என்றார். பகிடி விடுகிறார் என்று நினைத்தேன்.

பகிடி இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பெரிய லீக் ஓய்ந்திருக்கும் வசந்த மாதங்களில் ஆடுவதற்கென்று, ஐரோப்பிய நகரங்களையும் சேர்த்து ஒரு லீக் தொடங்கினார்கள். சம்பளத்துக்கு ஆடும் ஓர் அணி லண்டனுக்கும் கிடைத்தது. முதல் வசந்தத்திலேயே அது கிண்ணத்தை வென்றது, அதுவும் இந்த மைதானத்தில், சொந்தச் சனத்தின் முன்னால். என் பக்கத்து வீட்டுக்காரர் அன்று மேல்தட்டில் இருந்தார். ஆட்டத்தின் விதி பாதிதான் தெரியும் என்றும், பக்கத்தில் இருந்த அறிமுகமில்லாத வெள்ளைக்காரக் கிழவர் அவரைக் கட்டிப்பிடித்து அழுதார் என்றும் சொன்னார்.

பிறகு லீக் இரண்டு வருடம் நின்றுபோனது. திரும்பி வந்தபோது அணியை வடக்கு லண்டனில் ஓர் உதைபந்தாட்டக் கழகத்தின் மைதானத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஆடுகளம் விதிப்படி இருக்க வேண்டிய நீளத்துக்கே போதவில்லை. சனம் குறைந்தது. கடைசி வருடத்தில் பெயரிலிருந்து லண்டனை எடுத்துவிட்டு நாட்டின் பெயரைப் போட்டு, ஊர் ஊராக ஆடவிட்டார்கள். அந்தப் பருவத்தோடு அணி முடிந்தது. லீக் மட்டும் ஜெர்மனியை நம்பி இன்னும் சில வருடம் உயிரோடு இருந்தது.

"பேர எடுத்தாங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சிருச்சு," என்றார். "ஒரு டீம் சாகறப்ப சத்தமே வராது அண்ணே. அடுத்த வருசம் டிக்கெட் வாங்கப் போனா, விக்க ஆளு இருக்காது. அவ்ளோதான் லா."

அதற்குப் பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். வால்தம்ஸ்டோப் பக்கம் ஒரு பூங்காவில் சம்பளமில்லாமல் இதே ஆட்டத்தை ஆடும் கழகம் ஒன்றைத் தேடிப் பிடித்துச் சேர்ந்தார். ஆடுவதற்கல்ல, மற்ற எல்லாவற்றுக்கும். வெள்ளைக் கோடு போடுவது, கம்பங்களுக்குப் பஞ்சு கட்டுவது, வான் ஓட்டுவது எல்லாம் அவர்தான். ஆடியவர்கள் பஸ் சாரதி, குழாய் திருத்துபவர், ஆரம்பப் பள்ளி ஆசிரியர். சந்தா கட்டித்தான் ஆடினார்கள்.

கோபுரங்களை இடித்த அந்த வருடம் வெளியூர் ஆட்டம் ஒன்றுக்குப் போதிய ஆட்கள் சேரவில்லை. ஆடாமலே தோற்றதாக எழுதிவிட்டார்கள். இன்னொரு முறை அப்படி நடந்தால் கழகத்தை லீக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் இதை மதிலுக்கு மேலால், குப்பை வாளியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். "ரெண்டாவது டீமையும் பொதைக்க எனக்குத் தெம்பு இல்ல அண்ணே. ஞாயித்துக்கெழம ஒரு ஆளு கொறையுது. வந்து ஒரு குச்சி மட்டும் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க."

இந்த ஆட்டத்தில் பந்து வைத்திருக்கும் பக்கம் நான்கு முயற்சிக்குள் பத்து யார், அதாவது பத்து கெஜம், முன்னேற வேண்டும். அந்தப் பத்து யாரை அளக்க இரண்டு கோல்களும் நடுவே ஒரு சங்கிலியும் உண்டு. கோல்களைப் பிடிப்பது உள்ளூர்க் கழகத்தின் பொறுப்பு. எனக்கு ஒரு செம்மஞ்சள் மேலங்கி தந்தார்கள். அன்று காலை பூங்காவுக்குப் போகும் வழியில் ஒரு மண்டபத்து வாசலில் வாழை கட்டியிருந்ததையும், தரிப்பிடம் முழுக்க வெள்ளிநிறக் கார்கள் நின்றதையும் கண்டேன். பத்திரிகையில் வேலை செய்த பழக்கம், எதைக் கண்டாலும் மனம் குறித்துக்கொள்ளும்.

பூங்காவில் எல்லாம் தயாராக இருந்தது. எதிரணியின் பஸ் வந்து நின்றது. நடுவர்கள் கோடு போட்ட சட்டையோடு நடந்துகொண்டிருந்தார்கள். வராதது ஒன்றுதான்: மருத்துவ உதவி. தூக்குகட்டில், கழுத்துப் பட்டி, முதலுதவிப் பை எல்லாம் கழகத்திடமே இருந்தன. தகுதியுள்ள ஆள்தான் இல்லை. ஒழுங்கு செய்திருந்தவர் வேறு மைதானத்துக்குப் போய்விட்டார், திரும்ப ஏலாது என்று தொலைபேசியில் செய்தி வந்தது. ஒரு மணித்தியாலம் காத்திருப்பேன், அதற்கு மேல் இந்த ஆட்டமும் ஆடாமல் தோற்றதாகவே எழுதப்படும் என்றார் தலைமை நடுவர். குரலில் கடுமை இல்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் புல்லில் உட்கார்ந்துவிட்டார். எதிரணித் தலைவர், வாசலை அடைத்துவிடும் அளவு ஆள், வந்து அவர் தோளில் கை வைத்தார். ஆடாமல் வெல்வதற்காக விடியற்காலையில் எழும்பி வரவில்லை, யாரையாவது பிடியுங்கள் என்றார்.

"டொக்டர் காணுமோ?" என்று நடுவரிடம் கேட்டேன். அடையாள அட்டையோடு வரும் டொக்டர் என்றால் போதும் என்றார். நான் காரை எடுத்தேன். லண்டனில் ஒரு யாழ்ப்பாணக் கலியாணம் நடக்கிறது, அதில் டொக்டர் இல்லை என்று யாரும் சொன்னால் நான் நம்பமாட்டேன்.

மண்டபத்தில் தாலி ஏறி முடிந்து, மணமக்களை வாழ்த்தி அறுகரிசி போடும் வரிசை மேடை வரை நின்றது. செம்மஞ்சள் மேலங்கியைக் கண்ட ஒருவர், "என்ரை கார் பாதையை மறைக்குதோ?" என்று திறப்பை நீட்டினார். ஒலிவாங்கி வைத்திருந்தவரிடம் விஷயத்தைச் சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே அவருக்கு விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டதாக அவர் நினைத்தார்.

"அவசரம்! டொக்டர்மார் உடனடியாக வாசலுக்கு வரவும்!"

நாதஸ்வரம் நின்றது. இரண்டு மேசை அப்படியே எழும்பியது. "ஆருக்கு? மாப்பிளைக்கோ?" என்று பெண்களின் குரல்கள். டொக்டர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"நான் கண்."

"நான் தோல்."

"நான் ரிட்டையராகீட்டன். ஆனா பிறஷர் பாக்க ஏலும்."

எலும்பு டொக்டர் யாராவது உண்டோ என்று கேட்டேன். கூட்டத்தைப் பிளந்துகொண்டு உயரமான ஒருவர் வந்தார். பட்டு வேட்டி, சால்வை, நெற்றியில் சந்தனம். "ஐசே, ஆர் விழுந்தது?"

"இன்னும் ஒருத்தரும் விழேல்லை."

"அப்ப?"

"இனித்தான் விழுவினம்."

அவர் என் முகத்தையும் மேலங்கியையும் மாறி மாறிப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: அணி, ஏற்கனவே தவறிய ஆட்டம், காத்திருக்கும் நடுவர். பின்னால் நின்ற அவருடைய மனைவி, "இஞ்சேருங்கோ, இப்ப குடும்பப் படத்துக்குக் கூப்பிடுவினம். நீங்கள் பொம்பிளையின்ரை பெரியப்பா," என்றார்.

"நான் இல்லாட்டியும் பொம்பிளை பொம்பிளைதானே," என்றார் டொக்டர். கார் புறப்படுமுன் யாரோ ஜன்னலால் பலகாரப் பெட்டி ஒன்றை என் மடியில் வைத்தார்கள். ஆட்டம் மூன்று மணித்தியாலம் நீளும் என்று வழியில் நான் சொன்னபோது, "இதை மண்டபத்திலை சொல்லியிருக்கலாமே ஐசே," என்றார் டொக்டர். ஆனால் காரைத் திருப்பச் சொல்லவில்லை.

தலைமை நடுவர் வைத்தியசாலை அட்டையைப் பார்த்தார். பிறகு வேட்டியைப் பார்த்தார். இதோடு உங்களால் ஓட முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார். டொக்டர் வேட்டியை மடித்துக் கட்டிக் காட்டினார். ஊதல் ஒலித்தது.

விளையாட்டைப் பற்றி எழுதும் வேலை எனக்கு ஒருபோதும் வாய்த்ததில்லை. அன்று பார்த்ததை அதனால் உள்ளபடி சொல்கிறேன். தொலைக்காட்சியில் இந்த ஆட்டம் நின்று நின்று நடக்கும் ஒரு குழப்பம். கோலைப் பிடித்துக்கொண்டு கோட்டில் நின்றால் அது வேறு. இரண்டு வரிசை ஆட்கள் மூச்சைப் பிடித்துக் குனிந்திருப்பார்கள். பந்து அசைந்ததும் அவர்கள் மோதும் ஓசை காதில் கேட்பதற்கு முன் காலுக்கடியில் தெரியும். பஸ் சாரதி, தன்னைவிடப் பெரியவர் ஒருவரை மார்பால் தள்ளிக்கொண்டு போவதையும், இரண்டடி நிலத்துக்காக நான்கு பேர் அவர்மேல் விழுவதையும் கைக்கெட்டும் தூரத்தில் கண்டேன். பார்க்க வந்திருந்தவர்கள் சில மனைவிமாரும் இரண்டு நாய்களும். அவர்களுக்காக இப்படி ஆட முடியுமா? ஆடினார்கள்.

ஒருமுறை பத்து யார் வந்ததா இல்லையா என்று சந்தேகம். நடுவர் எங்களைக் கூப்பிட்டார். நானும் பக்கத்து வீட்டுக்காரரும் கோல்களைத் தூக்கிக்கொண்டு நடுக்களத்துக்குப் போனோம். அத்தனை பெரிய ஆட்களும் விலகி வழிவிட்டார்கள். சங்கிலி இழுபட்டு நேரானது. பந்தின் மூக்குக்கும் கோலுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. எங்கள் பக்கத்துக்குப் போதவில்லை. உடம்பை உடைத்துச் சேர்த்த நிலத்தைச் சங்கிலி இல்லை என்று சொல்லிவிட்டது, அவர்கள் பந்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தார்கள்.

மூன்றாம் கால்பகுதியில் நாங்கள் வெகுவாகப் பின்தங்கியிருந்தோம். அப்போதுதான் எதிரணிக்காரர் ஒருவர் விழுந்து, எழும்பாமல் கிடந்தார். தலைமை நடுவர் கையை உயர்த்தினார். டொக்டர் முதலுதவிப் பையோடு ஓடினார், பட்டு வேட்டி முழங்காலுக்கு மேலே, சால்வை எங்கோ கோட்டில். அவர் ஓடும்போதே இரண்டு பக்கத்து ஆட்களும், நின்ற நின்ற இடத்தில், ஒரு முழங்காலை நிலத்தில் ஊன்றினார்கள். களம் முழுவதும் ஹெல்மெட்டுகள் ஒரே உயரத்துக்கு இறங்கின. யாரும் கட்டளையிடவில்லை. காயப்பட்டவர் எழும்பும்வரை இந்த ஆட்டத்தில் அதுதான் வழக்கம் என்று சற்றுப் பிறகே அறிந்தேன். அந்தக் கணத்தில் எனக்கு அது தெரியாது. கோலைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதே நேரம் டொக்டரின் மனைவி பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கணவரைக் கூட்டிப்போகப் புல்லில் வந்துகொண்டிருந்தார். களத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்ன தம்பி, எல்லாரும் கும்பிடுகினமோ?"

"விழுந்தவர் எழும்புமட்டும் இப்பிடித்தான் இருப்பினமாம்," என்றேன், பக்கத்தில் நின்ற ஒருவரிடம் கேட்டு.

டொக்டர் மண்டியிட்டு ஒவ்வொரு விரலாக அசைக்கச் சொன்னார். கழுத்தைத் தொட்டார். ஏதோ கேட்டார். கிடந்தவர் சிரித்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார், எழும்பினார். முழங்காலில் இருந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள், எங்கள் பக்கத்தவர் உட்பட. டொக்டர் அவரைத் தோளில் தாங்கிக் கோட்டுக்கு வெளியே கொண்டுவந்தபோது மனைவி முன்னால் நின்றார். வேட்டியில் சேறு, பச்சைப் புல் கறை.

"படம் எடுக்கிறவன் காத்துக்கொண்டு நிக்கிறான்."

பக்கத்து வீட்டுக்காரர் கோலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்த அம்மாவின் முகத்தையே பார்த்தார். டொக்டர் போனால் ஆட்டம் அங்கேயே நிற்கும்.

"நான் போனா இதை நிப்பாட்டிப் போடுவினம்," என்றார் டொக்டர்.

"பிறகு?"

"பிறகு இந்தக் கழகம் இல்லை."

அந்த அம்மா களத்தைப் பார்த்தார். விழுந்தவரின் இடத்துக்கு வேறொருவர் ஓடிக்கொண்டிருந்தார். "எவ்வளவு கிடக்கு?" என்று கேட்டார். ஒரு கால்பகுதிக்குச் சற்று மேல் என்றேன். பலகாரப் பெட்டியைத் திறந்து, பயத்தம் பணியாரம் ஒன்றைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, குளிர்பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தார்.

நாங்கள் ஒரு புள்ளியும் எடுக்காமல் தோற்றோம். கடைசி ஊதலோடு பக்கத்து வீட்டுக்காரர் களத்துக்குள் போய் எதிரணியின் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். வென்றவர்கள்கூட அவரைப் போலச் சிரிக்கவில்லை. திரும்பி வந்து டொக்டரின் கையை இரண்டு கைகளாலும் பிடித்தார்.

"டாக்டர், ஒண்ணு கேக்கட்டுமா? அடுத்த ஞாயிறும் இங்கதான் கேம். நான் வேற ஆளு பாத்துருவேன். ஆனா ஒருவேள கெடைக்கலன்னா..."

"அடுத்த ஞாயிறு மருமகளின்ரை சாமத்தியவீடு, மஞ்சள் நீராட்டு," என்றார் டொக்டர் வருத்தத்தோடு.

காரின் கதவைத் திறந்த மனைவி திரும்பிப் பார்த்தார். "அது பின்னேரந்தானே," என்றார்.