பரு போச்சு, கண்ணு சிவந்துச்சு

என் முகத்தில் பரு இருந்தது என்று சொன்னால் அது பொய். பருக்களுக்கு நடுவில் கொஞ்சம் முகம் இருந்தது. நைனார்பாளையத்தில் என்னைப் பார்க்கிற ஒவ்வொருவரும் வைத்தியர்தான். சந்தனம் பூசு, பஜ்ஜியை விடு, கல்யாணம் ஆனால் தானாகப் போய்விடும். முதலில் பெண் பார்க்க வந்தவர்கள், "முகம் தெளியட்டும், அப்பால பாக்கலாம்" என்று சொல்லி, கேசரியை மட்டும் தின்றுவிட்டுப் போனார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கள்ளக்குறிச்சியில் ஒரு தோல் டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார். "கண்ணு, உதடு எல்லாம் காயும். சொட்டு மருந்த மறக்காம விடு. கல்யாணம் முடிவாச்சுன்னா உடனே வந்து சொல்லணும். புள்ள உண்டாகிற நேரத்துல இந்த மாத்திரை உடம்புல இருக்கவே கூடாது" என்றார்.

சில மாதங்களில் முகம் துலக்கி வைத்த தட்டு மாதிரி ஆகிவிட்டது. கண்தான் மணல் விழுந்தாற்போல் உறுத்தும், வெயிலைக் கண்டால் கூசும். போனால் போகிறது. இந்த முகத்தை ஒருத்தராவது நன்றாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

திருக்கோவிலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாகச் சேதி வந்தது. போட்டோவில் அவருக்குக் காது பெரியது, சிரிப்பு நல்லது. எனக்குப் பிடித்துவிட்டது. அவர்கள் வருகிற அன்று காலை பார்த்து அம்மா சொட்டு மருந்தைப் பிடுங்கி ஒளித்து வைத்தாள். "வேணாம்டி. கண்ல தண்ணி நின்னா, அழுதுக்கினு இருக்கிறன்னு நெனைப்பாங்க." அதோடு விடாமல் மையை வேறு அப்பினாள். காய்ந்த கண்ணில் மை! வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான். வாசலில் கார் வந்து நிற்கும்போது என் கண் இரண்டும் கோவைப்பழம்.

காபித் தட்டோடு கூடத்துக்கு வந்தேன். மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்து பார்த்தார். "ஐயய்யோ, மெட்ராஸ் ஐ!" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மாப்பிள்ளையின் அத்தை சுவரைப் பார்த்தார். சித்தப்பா மின்விசிறியைப் பார்த்தார். எல்லாரும் காபியைத் தடவித் தடவி எடுத்தார்கள். மாப்பிள்ளையோ கறுப்புக் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு குனிந்த தலை நிமிரவில்லை.

"பொண்ணுக்குக் கண்ணு நோவு இருக்கிறத மறைச்சிட்டீங்களே, இது நியாயமாங்க?" என்று அந்த அம்மாள் எங்கள் காலண்டரைப் பார்த்துக் கேட்டார்.

"மக்காச்சோளத் தூசிங்க" என்றார் அப்பா. "வெங்காயம் உரிச்சாங்க" என்றாள் அம்மா. இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "வெங்காயமும் இல்ல, தூசியும் இல்ல. பரு மாத்திரை சாப்பிடுறேன், அதுல கண்ணு காயுது. யாருக்கும் ஒட்டாது!" என்று கத்தினேன். மாப்பிள்ளை பக்கம் திரும்பினேன். "நீங்க அந்தக் கண்ணாடிய கழட்டிட்டு ஒரு தபா என் முகத்தப் பாருங்க. அப்பால வேணான்னு சொன்னாலும் சரி."

"டேய், கழட்டாதடா!" என்று அவர் அம்மா பதறினார். அதற்குள் மாப்பிள்ளை கழற்றிவிட்டார். இரண்டு கண்ணும் ரத்தச் சிவப்பு, இமை வீங்கி, ஓரமெல்லாம் பீளை. அசல் மெட்ராஸ் ஐ!

"நேத்துதான் வந்துச்சுங்க. நல்ல நாள தள்ளக் கூடாதுன்னு கூட்டிக்கினு வந்துட்டாங்க" என்றார்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இந்த அம்மாள் மாமியார் ஆவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். இப்போது மின்விசிறியைப் பார்ப்பது எங்கள் அப்பாவின் முறை.

நான் மட்டும் அவரைப் பார்த்தேன். "என் முகம் எப்பிடி இருக்குது?"

சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலங்க, தண்ணியா ஊத்துது. கண்ணு சரியானதும் இன்னொரு தபா வரட்டுங்களா?"

கிளம்பும்போது எங்கள் வாஷ்பேசினில் முகம் கழுவி, அங்கே தொங்கிய துண்டில் துடைத்துக்கொண்டார். அவர் போனதும் நானும் மையைக் கழுவிவிட்டு அதே துண்டில் துடைத்தேன்.

சொன்னபடி மறுவாரம் வந்தார். அவர் கண் பளிச்சென்று இருந்தது. இந்த முறை கூலிங் கிளாஸ் போட்டிருந்தது நான். உள்ளே அசல் மெட்ராஸ் ஐ. இரண்டு வீட்டாரும் சேர்ந்து மின்விசிறியைப் பார்த்தார்கள். அவர் மட்டும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "கழட்டுங்க, பாக்கலாம்" என்றார்.

டாக்டரம்மா சொல்லியிருந்தபடி மறுநாள் முதல் பஸ்ஸிலேயே அவரிடம் போனேன், மாத்திரையை நிறுத்த.