பதினெட்டு வருஷத்து மழை

அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். காலையில் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தால் மாலை வரை தலை நிமிராது. வீட்டில் ஒரு கணினியும், அதைத் தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் மோடமும் வைத்திருந்தார். இன்டர்நெட் என்ற சொல்லே வீடுகளுக்கு வராத காலம். கணினிப் பைத்தியம் பிடித்த நாற்பது பேர், ஒருவர் மாற்றி ஒருவராக, தங்கள் கணினியிலிருந்து அவர் எண்ணுக்குப் போன் போட்டு உள்ளே வருவார்கள். கடிதம் எழுதி வைப்பார்கள். தாங்கள் எழுதிய சின்னச் சின்னப் புரோகிராம்களை விட்டுவிட்டு, பிறர் விட்டதை எடுத்துக்கொண்டு போவார்கள். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை, பட்டப்பெயர்தான். இவர் பெயர் லென்ஸ்.

"போன் இருக்கிற வீடுன்னு பேரு. எங்க அக்கா என்கிட்ட பேசணும்னா லெட்டர்தான் போடணும்" என்பாள் மனைவி.

லென்ஸுக்கு ஒரு பெருமை உண்டு. வருகிற ஃபைல் ஒவ்வொன்றையும் தானே ஓட்டிப் பார்த்து, வைரஸ் இல்லை என்று உறுதியான பிறகே மற்றவர்களுக்குத் திறந்துவிடுவார். மூன்று வருடத்தில் ஒரு புகார்கூட வந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலண்டர் புரோகிராம் ஒன்று வந்தது. அனுப்பியவர் பழகிய ஆள். அவசர வேலை என்று கடையிலிருந்து ஆள் வந்து வாசலில் நிற்கவே, தெரிந்தவர் அனுப்பியதுதானே என்று ஓட்டிப் பார்க்காமல் திறந்துவிட்டுப் போனார். பிறகு மறந்தும் போனார். பதினோரு பேர் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் முதல் தேதி காலையில் பதினோரு கணினிகளும் துடைத்துவிட்டதுபோல் காலியாகிவிட்டன. ஓட்டிப் பார்க்காததால் லென்ஸின் கணினி மட்டும் தப்பியது.

பத்துப் பேர் போனிலேயே திட்டித் தீர்த்தார்கள். திட்டாதவர் மழைக்காரர் என்ற பட்டப்பெயரில் வருபவர் ஒருவர்தான். பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். பதினெட்டு வருடம் தினமும் மழையை அளந்து நோட்டில் குறித்தவர். அத்தனையையும் கணினியில் ஏற்றி வைத்திருந்தார். அதற்கான புரோகிராமை எழுதிக் கொடுத்தவரே லென்ஸ்தான்.

"போய்ப் பாத்துட்டு வந்துருங்க. இங்க உக்காந்து விட்டத்தப் பாத்து என்ன ஆகப்போகுது?" என்றாள் மனைவி.

போனார். கதவைத் திறந்தது ஒல்லியான ஒரு மனிதர்.

"நான்தான் லென்ஸ்."

அவர் ஏற இறங்கப் பார்த்தார். "உங்கள இன்னும் வயசானவரா நெனச்சிருந்தேன். உள்ள வாங்க."

"நோட்டெல்லாம் இருக்குமில்ல? நானே உக்காந்து திரும்ப ஏத்தித் தர்றேன்."

"ஏத்தி முடிச்சதும் எடைக்குப் போட்டாச்சு. வீட்ல எடமில்ல."

"ஃபிளாப்பில ஒரு காப்பி?"

"எடுத்து வைங்கன்னு நீங்க சொல்லிட்டேதான் இருந்தீங்க. நான்தான் நாளைக்கு நாளைக்குன்னு விட்டுட்டேன்."

லென்ஸ் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அதற்குள் அவர் தண்ணீர் கொண்டுவர எழுந்து போய்விட்டார்.

அவர் கணினியின் ஹார்டு டிஸ்கைக் கழற்றித் துண்டில் சுற்றி எடுத்து வந்தார் லென்ஸ். நான்கு மாதம், விடுமுறை நாள் ஒன்று விடாமல், அதில் அழியாமல் மிஞ்சியதைத் துண்டு துண்டாகப் படித்தார். எண்கள் கிடைத்தன. தேதிகள் கிடைக்கவில்லை. டிஸ்கில் இடம் மிச்சமாகட்டும் என்று தேதிகளைத் தனி ஃபைலில் வைக்கும்படி புரோகிராமை எழுதியவர் அவரேதான்.

கிடைத்ததை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். மழைக்காரர் பக்கங்களைப் புரட்டினார்.

"இது எந்த வருஷம்?"

"தெரியல."

"தேதி இல்லாத மழைய வெச்சுக்கிட்டு நான் என்னங்க செய்ய?"

குரலில் கோபமில்லை. தாள்களை அடுக்கி, ஓரம் தட்டி, திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இனி எல்லாவற்றையும் இரண்டு தடவை சோதிப்பேன் என்று, உள்ளே வருபவர்கள் முதலில் பார்க்கும்படி லென்ஸ் எழுதி வைத்தார். அதைப் படிக்கவும் ஆள் குறைந்துகொண்டே வந்தது. நாற்பது பேர் ஒன்பதானார்கள், ஒன்பது இரண்டானது. ஒரு மாதம் முழுக்க யாரும் வராதபோது மோடத்தைக் கழற்றினார்.

இரண்டு வருடம் கழித்து ஓர் ஆசிரியை கண்ணாடி மாற்ற வந்தாள். பள்ளியின் பெயரைக் கேட்டதும் லென்ஸ் விசாரித்தார். "அங்க மழை அளக்கிறவர் ஒருத்தர்..."

"அவரா? அளக்கிறத எப்பவோ விட்டுட்டாரு. கேட்டா, அதான் ரேடியோல சொல்றாங்களேங்கிறாரு."

 லென்ஸ் பவர் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, வியாழக்கிழமை வரச் சொன்னார்.