அரிசி வாளிக்கு அடியில் ஓர் அட்டை

ஒக்டோபரில் முதல் குளிர் அடித்து ஹீட்டரைப் போட்டதும் ஒரு மணம் வருமே, கவனித்திருக்கிறீர்களா? கோடை முழுக்கப் படிந்த தூசி கருகுகிற மணம். நேற்று மாலை ஹரோவிலுள்ள எங்கள் வீட்டில் அது வந்தது. மகளுக்கு அந்த மணம் பிடிக்கும். நத்தார் பண்டிகை கிட்டுகிறது என்று நினைப்பு வருமாம். நான் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டேன். "அம்மா, முழு லண்டனுக்கும் நாங்களே சூடு குடுக்கிறதோ?" என்றாள். தகப்பனிடம் பழகிய பகிடி.

எண்பத்தேழில் எனக்கு அந்த மணம் புதிது. செப்டெம்பரில் வந்திறங்கி, மனோர் பார்க்கில் ஒரு வரிசை வீட்டின் கீழ் அறையில் குடும்பம் தொடங்கினோம். முன்னால் படுக்கையறை, பின்னால் குசினி. மேல்மாடியில் அந்தோனி அண்ணை. மன்னார்க்காரர். விடியப்புறம் துப்பரவு வேலைக்குப் போய் மத்தியானம் திரும்புவார், ஞாயிறு பூசை தவறவிடமாட்டார். என் கணவருக்குப் பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட். பகலில் அவர் தூங்குவார். நான் சத்தமில்லாமல் சமைத்துக்கொண்டு பயப்படுவேன். அதுதான் என் முழுநேர வேலை.

எதற்கென்று கேட்கிறீர்களா? எங்கள் இருவருடைய அகதிக் கேசும் முடியாமல் கிடந்தது. "பெல் அடிச்சா திறக்கவேண்டாம். ஆரெண்டாலும் திறக்கவேண்டாம். அந்தோனி அண்ணையிட்டத் திறப்பு இருக்கு, அவர் தானே பூட்டைத் திறந்து வருவார்," என்று வந்த அன்றே இவர் சொல்லிவிட்டார். இமிகிரேசன்காரர் எந்த வேஷத்திலும் வருவார்கள் என்பது அன்றைக்கு எங்கள் சனத்துக்குள் உலவிய கதை. ஆகவே தபால்காரனுக்குப் பயந்தேன், பால்காரனுக்குப் பயந்தேன். காற்றில் கதவிலுள்ள தபால் ஓட்டையின் தகரம் படபடத்தால் அதற்கும் பயந்தேன். குளிர்காலத்துக்கென்று நாடு முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னால் தள்ளிய ஞாயிறுக்குப் பிறகு நாலரைக்கே இருண்டது. சாமிப் படத்துக்கு எப்போது விளக்கேற்றுவது என்றே தெரியவில்லை. தேத்தண்ணி நேரத்தில் விளக்கேற்றினால் சாமி என்ன நினைக்கும்?

அறையைச் சூடாக்கச் சுவரோடு ஒரு பழைய காஸ் நெருப்பு இருந்தது. அதை மூட்டினால் நீலமாக எரிந்து, பிறகு மஞ்சளாகும். மஞ்சள் பார்க்க வடிவாக இருந்தது, ஊர் விளக்குப் போல. ஆனால் இவர் தலை வைத்துப் படுக்கும் பக்கத்துச் சுவரில் கையகல இரும்புச் சல்லடை ஒன்று. அதற்குள்ளால் ஊசி ஊசியாகக் குளிர்காற்று வந்தது. வீடு கட்டினவன் ஓட்டையை மூட மறந்துபோனான் என்று நான் முடிவுகட்டினேன். கதிரையில் ஏறி, தமிழ்ப் பேப்பரை மடித்து மடித்துத் திணித்து, மேலே மண்ணிறப் பிளாஸ்ரர் ஒட்டினேன். ஒரு நல்ல மனைவி செய்யவேண்டியதைச் செய்துவிட்ட பெருமை எனக்கு.

அதற்குப் பிறகுதான் அந்த ஆள் வந்தார். பெல் மூன்று தரம் அடித்தது. நான் குசினியில் கையில் அகப்பையுடன் மூச்சை அடக்கி நின்றேன். கதவிடுக்கால் ஓர் அட்டை விழுந்தது. காஸ் நெருப்பைப் பரிசோதிக்க வந்தோம், ஆளில்லை, போன் பண்ணுங்கள் என்று எழுதியிருந்தது. எனக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியும். வாசித்தேன், விளங்கியது, நம்பவில்லை. இதுவும் ஒரு வேஷம் என்று நினைத்தேன். இவரிடம் சொன்னால் தூக்கம் போய்விடும், வீடு மாறவேண்டும் என்பார். அட்டையை அரிசி வாளிக்கு அடியில் ஒளித்துவைத்தேன்.

நவம்பரில் இவருக்குத் தலையிடி தொடங்கியது. பனிக்குணம் என்று தலைக்குத் துணி கட்டினேன். மல்லி அவித்துக் கொடுத்தேன், தைலம் பூசினேன், நெருப்பை இன்னும் கூட்டினேன். "வேலையில நிண்டா சுகமாயிருக்கு. வீட்டை வந்தாத்தான் இடிக்குது," என்றார் இவர். அந்தோனி அண்ணை, புதுப் பொம்பிளை வந்த வீட்டில் அப்படித்தான் இருக்கும் என்று பகிடி விட்டார். நானும் சிரித்துவிட்டுக் குசினிக்குள் போய் அழுதேன். இவருக்கு என்னைப் பிடிக்கவில்லை, அதைச் சொல்லத் தெரியாமல் தலையிடி என்கிறார் என்று நம்பினேன். காஸ் நெருப்பைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பயந்தேன்.

நவம்பர் கடைசியில் ஒருநாள் விளக்கேற்றிவிட்டு, தேத்தண்ணியோடு எழுப்பப் போனேன். இவர் எழும்பவில்லை. கன்னம் சிவந்திருந்தது. குளிர்நாடு இவருக்கு ஒத்துப்போகிறது என்று ஒரு கிழமையாக நான் சந்தோஷப்பட்ட சிவப்பு அது. உலுக்கினேன். தலை மறுபக்கம் தொங்கியது.  நான் கத்திய கத்தலில் அந்தோனி அண்ணை மேலேயிருந்து ஓடிவந்து, இவரைத் தோளில் பிடித்து வாசல் நடைக்கு இழுத்தார்.

"கதவைத் திற, பிள்ளை. காத்து வரட்டும்."

பூட்டில் கை வைத்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், திருப்ப முடியவில்லை. புருஷன் நிலத்தில் கிடக்கிறார், நான் வெளியில் யார் நிற்பார்களோ என்று யோசிக்கிறேன்.

"இமிகிரேசன்..." என்றேன்.

"வந்தா வரட்டும். திற."

திறந்தேன். வெளியில் ஒருவரும் இல்லை. குளிர்காற்றோடு நனைந்த இலைகள் நாலைந்து உள்ளே வந்து இவருடைய மார்பில் ஒட்டின. அந்தோனி அண்ணை அம்புலன்ஸுக்குப் போன் பண்ணத் தெருமுனைக்கு ஓடினார். நான் இவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு கண்ட தெய்வத்துக்கெல்லாம் நேர்த்தி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் குமட்டிச் சத்தி எடுத்தார். பிறகு கண் திறந்து, "ஏன் கதவு திறந்து கிடக்கு?" என்றார்.

வந்தவர்கள் நெருப்பை அணைத்துவிட்டு, சுவரில் இருந்த பேப்பரைப் பிடுங்கி எடுத்தார்கள். காற்றோட்டம் இல்லாவிட்டால் அந்த நெருப்பிலிருந்து வரும் மணமில்லாத நச்சு வாயுவாம், கன்னச் சிவப்பும் அதனால்தானாம். இன்னும் அரை மணித்தியாலம் போயிருந்தால் என்று தொடங்கி மீதியைச் சொல்லாமல் விட்டார்கள். ஆஸ்பத்திரியில் யார் அடைத்தது என்று கேட்டபோது, ஒட்சிசன் முகமூடியை விலக்கி, முந்தியிருந்த ஆட்கள் என்று இவர் சொல்லிவிட்டார். பேப்பரில் போன மாதத் திகதி இருந்தது. நல்லவேளை, அது தமிழில் இருந்தது.

சல்லடையை அடைத்ததைப் பற்றி இவர் என்னோடு ஒருநாளும் கதைக்கவில்லை. அட்டையைப் பற்றி நானும் வாய் திறக்கவில்லை. அதை எடுத்துக் கிழித்தெறியக்கூட எனக்குத் துணிவு வரவில்லை. வாளியை அசைக்காமலே அரிசி அள்ளினேன்.

தொண்ணூற்றிரண்டில் ஹரோவுக்கு வீடு மாறினோம். வாளியை அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துத் தூக்கினோம். குனிந்து பார்த்தேன். நிலத்தில் வாளி இருந்த வட்டம்தான் இருந்தது.

"என்ன தேடுறீர்?"

"ஒண்டுமில்லை."

"ஓம். அங்க ஒண்டுமில்லை," என்றார். வாளியைத் தான் தனியாக வாங்கிக்கொண்டு வானுக்கு நடந்தார்.

அந்தக் காஸ் நெருப்பு இப்போது இல்லை. போன வருடம் அந்த வழியால் போனபோது பார்த்தேன், முன்சுவரையே மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். பெல் அடித்தால் யாரென்று பாராமலே திறக்கிறேன், பெரும்பாலும் பார்சல்காரன். அட்டையை எப்போது எடுத்தீர்கள், ஆஸ்பத்திரியில் அந்தப் பொய்யைச் சொன்னபோது அது தெரியுமா, தெரிந்துமா சொன்னீர்கள் என்று கேட்க எனக்கு முப்பது வருடத்துக்கு மேல் இருந்தது. பதிலுக்குப் பயந்து கேட்கவில்லை. போன மாசியில் அவரும் போய்விட்டார்.

குளிருது, ஜன்னலைச் சாத்துங்கோ என்று மகள் மறுபடி சொன்னாள். இன்னும் கொஞ்சம் காற்று வரட்டும் என்றேன்.