கசப்பக்கா போட்ட ஃபெயில்

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அவளுக்கும் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியில் அதைச் சொல்லிக் கேட்டீர்களானால் வாட்ச்மேன்கூடத் திருதிருவென்று முழிப்பார். "கசப்பக்கா எங்கே?" என்று கேளுங்கள், லிஃப்ட்காரர் முதல் பெரிய டாக்டர் வரை கையை நீட்டி வழி காட்டுவார்கள். இரண்டாவது மாடி, கைகழுவும் தொட்டிகளுக்கு அடுத்த சின்ன ரூம்.

அவள் வேலை என்னவென்றால், ஊரையெல்லாம் கசக்க வைப்பது. மூச்சுத்திணறல், விடாத இருமல் என்று வருகிறவர்களை வைத்திருக்கும் வார்டுக்குள் கால் வைக்கிற எவரும், டாக்டரோ தரை துடைப்பவரோ, முதலில் இவளிடம் வந்து தலையைக் கொடுக்க வேண்டும். கெட்டி மாஸ்க்கை மாட்டிக்கொண்டு உட்கார்ந்ததும் தலைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கூண்டைக் கவிழ்ப்பாள். முன்பக்கத்து ஓட்டை வழியாக ரப்பர் குமிழை அமுக்கிக் கசப்பு மருந்தைப் புகையாகப் பீய்ச்சுவாள். மாஸ்க் முகத்தோடு ஒட்டியிருந்தால் நாக்குக்கு ஒன்றும் தெரியாது. எங்காவது நூலளவு இடைவெளி இருந்தால் போச்சு, வாயெல்லாம் கசக்கும். கசப்பு நுழைகிற வழியில் வைரஸ் நுழையாதா என்ன? அந்த முகத்துக்கு அந்த மாஸ்க் ஃபெயில்.

ஃபெயில் போடுவதில் அவளுக்குத் தயவு தாட்சண்யமே கிடையாது. எக்ஸ்ரேக்காரர் ஒருவர் ஆசை ஆசையாகத் தாடி வளர்த்துக்கொண்டு வந்தார். "தாடி வேணுமா, வார்டு வேணுமா? நீங்களே முடிவு பண்ணுங்க தம்பி. ரெண்டும் சேந்து கெடைக்காது," என்றாள். மனுஷன் மறுநாள் மழமழவென்று வந்து நின்றபோது, "அடடே, இவ்வளவு லட்சணமான மொகத்தையா மறைச்சு வச்சிருந்தீங்க!" என்று அவரையே சிரிக்க வைத்துவிட்டாள். அவள் திட்டினாலும் யாருக்கும் கோபம் வராது. ஒருத்தியைத் தவிர.

அந்த ஒருத்தி அவளுடைய நாத்தனார். கணவனின் தங்கை. கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அண்ணன் வீட்டு மாடியறையில் இருந்துகொண்டு அதே ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்க்கிறவள். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வருவார்கள், ஒரே பஸ்ஸில் போவார்கள், வழி நெடுக வாய்ச்சண்டை. பாத்ரூமில் யார் முதலில், ஜன்னலைச் சாத்தியது யார் என்று அவர்களுக்குச் சண்டை போடக் காரணத்துக்கா பஞ்சம்? கண்டக்டர் டிக்கெட் கொடுக்கிற சாக்கில் நின்று கேட்டுவிட்டுப் போவார்.

நாத்தனாருக்கு அந்த இருமல் வார்டு இன்சார்ஜ் ஆக வேண்டும் என்று வெகுநாள் ஆசை. ஒருவழியாக ஆர்டர் வந்தது. இனி கசப்பக்காவிடம் பாஸ் வாங்க வேண்டியதுதான் பாக்கி. "உன் அண்ணிதானே, கண்ணை மூடிக்கிட்டு டிக் போட்டுடுவாங்க," என்று தோழிகள் சொன்னார்கள். அண்ணியைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்?

முதலில் மாஸ்க் இல்லாமல் ஒரு தடவை பீய்ச்சிப் பார்ப்பார்கள், நாக்கு வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள. நாத்தனார் "ச்சீ, கசக்குது," என்றாள். நல்லது. வாய் கொப்பளித்து, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு கூண்டுக்குள் தலையைக் கொடுத்தாள். அக்கா குமிழை அமுக்கினாள்.

"சாதாரணமா மூச்சு விடு. கசக்குதா?"

"இல்ல."

"நல்லா இழுத்து விடு. இப்ப?"

"இல்லன்னு சொல்றேன்ல!"

ஆனால் நாத்தனாரின் இடது புருவம் மட்டும் மெல்ல மேலே ஏறி, அங்கேயே நின்றது. அடிப்பாவி! அந்தப் புருவத்தைக் கசப்பக்காவுக்குத் தெரியாதா? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தினமும் சாப்பாட்டு மேசையில் அதைத்தானே பார்க்கிறாள்! அக்காவின் சமையல் அப்படி. ஒரு நாள் உப்பு தூக்கல், ஒரு நாள் அடிப்பிடித்த வாசனை. நாத்தனார் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை, சண்டைக்கு நடுவில்கூட. "நல்லாருக்கு அண்ணி," என்று வாய் சொல்லும், புருவம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடும்.

அக்கா கூண்டைத் தூக்கினாள். "கசக்குதுடி உனக்கு. மூக்குப் பக்கம் லீக் ஆகுது. ஃபெயில்."

நாத்தனார் குதி குதியென்று குதித்தாள். "வீட்டுச் சண்டைய இங்க தீத்துக்கறீங்களா அண்ணி? நான் கசக்கலைன்னு சொல்றேன், நீங்க என்ன என் நாக்குக்குள்ளயா உக்காந்திருக்கீங்க?"

சத்தம் கேட்டுத் தொற்றுத் தடுப்பு டாக்டர் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அவங்க கசக்கலைங்கறாங்க. நீங்க எதை வச்சு ஃபெயில் போடறீங்க?"

"என் சமையலை வச்சு டாக்டர்," என்றாள் அக்கா. வாசலில் கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். வெட்கத்தை விட்டு முழுக்கதையையும் சொன்னாள், அடிப்பிடித்த பாத்திரம் உட்பட. டாக்டரும் சிரித்தார். "சரி, நீங்க வெளிய இருங்க. நான் ஒரு தடவை செஞ்சு பாக்கறேன்," என்று குமிழைக் கையில் எடுத்தார்.

நாத்தனார் அந்தக் குமிழைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள், விருட்டென்று எழுந்து போய்விட்டாள். அதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? சின்ன அளவு மாஸ்க் வந்து சேரும் வரை அவளுக்கு வெளிநோயாளிப் பிரிவில் டியூட்டி என்று டாக்டர் எழுதினார். இன்சார்ஜ் நாற்காலியில், வார்டையே அதட்டி நடத்தும் குரல் உள்ள 'வெண்கலம்' என்ற நர்ஸ் போய் உட்கார்ந்தாள்.

வீட்டில் அன்றிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. மாடிக்குத் தனி அடுப்பு ஏறியது. பஸ்ஸில் ஒருத்தி முன்னால், ஒருத்தி பின்னால். கண்டக்டரே முகம் வாடிப்போனார். கணவர் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தார். "ஒரு டிக் போட்டிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்? அவ எத்தனை வருஷமா காத்திருந்தா!" என்று ஒரு நாள் சீறியே விட்டார்.

"டிக் போட்டுட்டு அப்புறம் நான் தூங்க வேணாமாங்க?" என்றாள் அக்கா. மேசையில் எதிர் நாற்காலி காலியாகக் கிடந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், இறங்கவில்லை.

ஒருவழியாகச் சின்ன அளவு மாஸ்க் வந்தது. கூப்பிட்டு அனுப்பியதும் நாத்தனார் வந்து, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். கூண்டு கவிழ்ந்தது. மூச்சு விட்டாள், இழுத்து விட்டாள், தலையைத் திருப்பினாள், ஆட்டினாள். எல்லாவற்றுக்கும் கசக்கவில்லை என்று கையை அசைத்தே பதில். போன தடவை பாதியிலேயே முடிந்துபோனதால் வராத கட்டம் இப்போது வந்தது.

"ஒரு நிமிஷம் பேசணும்," என்றாள் அக்கா. "தாடை அசையறப்ப லீக் ஆகுதான்னு பாக்கணும். என்ன வேணா பேசலாம். சத்தமா."

கூண்டுக்குள் இருந்தபடியே, "ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு..." என்று எண்ணத் தொடங்கினாள் நாத்தனார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு குமிழை அமுக்கினாள். இவளா விட்டுக்கொடுப்பாள்!

"...பதினொன்னு, பன்னெண்டு..." குரல் நின்றது.

"நிறுத்தாத. பேசு."

"நேத்து ஓ.பி.க்கு வெண்கலம் வந்தா அண்ணி. நோயாளியா வந்தா." குரல் உடைந்தது. "போன வருஷம் பாஸ் பண்ண மாஸ்க்கையே போட்டிருக்கா. நடுவுல எளைச்சு மொகம் ஒட்டிப்போச்சு, மாஸ்க் பொருந்தல, மறுபடி டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டா நேரமில்லன்னிருக்கா. ஒரு வார்த்தை பேச நாலு தடவை மூச்சு வாங்கறா. நான்தான் அவளுக்கு ஆக்ஸிஜன் மாட்டினேன்."

"எப்படி இருக்கா இப்ப?"

"தேறிடுவாங்கறாங்க. காலைல என்னை அதட்டினா, மெதுவா." கூண்டுக்குள் கண்ணீர் வழிந்து மாஸ்க்கின் ஓரத்தில் தேங்கியது. "அன்னிக்கு எனக்குக் கசந்துது அண்ணி. நாக்கெல்லாம் கசந்துது. இன்சார்ஜ் போயிடுமேன்னு பொய் சொன்னேன். உங்களையும் நாலு பேர் முன்னால கேவலமாப் பேசினேன். அண்ணன் அவ்வளவு திட்டியும் நீங்க ஏன் அண்ணி எறங்கி வரல? உங்களுக்கு என்ன லாபம்?"

அக்கா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஒரு கையால் குமிழை அமுக்குவதை மட்டும் நிறுத்தவில்லை.

"லாபமா? நீ படுத்துட்டா நான் யார்கூடடி சண்டை போடுவேன்? எனக்கு இருக்கிறது நீ ஒருத்திதானே."

நாத்தனார் விம்மி விம்மி அழுதாள்.

"அழு, நல்லா அழு. ஆனா பேசிக்கிட்டே அழு," என்றாள் கசப்பக்கா. "இன்னும் அரை நிமிஷம் இருக்கு."