டிக்கியில் இரண்டு கைகள்

இதைக் கதை என்று நினைத்துப் படித்தாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் என் காரின் டிக்கியில் பெயின்ட் உரிந்த இரண்டு இடங்கள் இருக்கின்றன. சந்தேகப்படுகிறவர்கள் வந்து தொட்டுப் பார்க்கலாம். நான் தொடுவதில்லை.

என் பெயர் இல்போ. பின்லாந்தின் வடக்கே, கெமியார்வியில் இருக்கிறேன். விவாகரத்துக்குப் பிறகு மகள் சீரி, அவள் அம்மா மர்யுத்தோடு ரோவனியெமிக்குப் போய்விட்டாள். எண்பத்தைந்து கிலோமீட்டர். ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி அவளை அழைத்து வருவேன். மற்ற நாட்களில் வீட்டில் பேச்சுச் சத்தமே இருக்காது. சில சமயம் குளிர்சாதனப் பெட்டி நின்று போனால்கூட, யாரோ எழுந்து போனது போல இருக்கும்.

அவளுக்காகத்தான் அந்தக் காரை வாங்கினேன். சாம்பல் நிறப் பழைய செடான். ஆட்டோமேட்டிக் கியர். விற்றவர் அவுனே என்ற விதவை. பேரமே பேசவில்லை. சாவியைத் தரும்போது என் கைகளைப் பார்த்தார்.

"கையுறை போட்டுக்கப்பா. எப்பவும்."

டிசம்பரில் கியர் வழுக்க ஆரம்பித்தது. மிதித்தால் எஞ்சின் அலறும், கார் நகராது. மெக்கானிக் வெய்யோ ஆயிலை மாற்றினார். இரண்டே வாரம் தாங்கியது.

"புது கியர்பாக்ஸ்னா மூவாயிரத்து அறுநூறு யூரோ. நீ கார் வாங்கினதே ரெண்டாயிரத்து நானூறு. இதுக்கு வைத்தியம் வேணாம்டா, அடக்கம் பண்ணிடு."

"வெள்ளிக்கிழமை போகணுமே."

"நடந்து போ. உடம்பாவது இளைக்கும்."

நான் சிரிக்கவில்லை. மர்யுத் ஏற்கெனவே சொல்லிவிட்டாள். "போன தடவை அந்தப் பிள்ளை ஜாக்கெட்டை மாட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் வாசல்லயே உக்காந்திருந்தா. இன்னொரு தடவை லேட்டானா, இனிமே கோடை லீவுல மட்டும் பாத்துக்கோ." குரலில் கோபம் இல்லை. களைப்புதான். அதனால்தான் பயந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை, மதியம் மூன்று மணிக்கே இருட்டு. குளிர் மைனஸ் இருபத்தொன்பது. பாதி வழியில், காட்டுக்கு நடுவே, கியர் விட்டுப்போனது. மிதித்தேன். எஞ்சின் மட்டும் அலறியது. வேகம் குறைந்து, குறைந்து... நின்றது.

இழுவை வண்டி வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டேன். ஜாக்கெட் போட்டபடி வாசலில் உட்கார்ந்திருக்கும் சீரிதான் கண்ணில் நின்றாள்.

அப்போது, பின்னாலிருந்து மெல்ல ஓர் உந்தல்.

கார் நகர்ந்தது.

கியர் பிடித்துக்கொண்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். சீரியின் பையை வைக்க டிக்கி பக்கம் போனேன். வெள்ளையாகப் படிந்திருந்த உறைபனியில் இரண்டு கைத்தடங்கள். பத்து விரல்களும் தெளிவாக. வெறும் கை. இந்தக் குளிரில் வெறுங்கையோடு இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். இங்கே குழந்தைகளுக்குக்கூட அது தெரியும்.

"நீ தொட்டியாம்மா?"

"நான் கையுறை போட்டிருக்கேன்பா."

தடங்கள் என் கையை விடப் பெரியவை.

திரும்பும்போது அதே காடு. மறுபடி எஞ்சின் அலறியது. பயத்தில் காலை எடுத்துவிட்டேன். வேகம் நாற்பதுக்குக் கீழே இறங்கவே இல்லை. சீரி பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா. அந்தத் தாத்தாவுக்கு மூச்சு வாங்குது."

கண்ணாடியைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு விழுந்த பனி மட்டும்.

"எந்தத் தாத்தா?"

"தள்றாரே, அவர்."

பிறகு எனக்கும் கேட்டது.

ஹா... ஹா... ஹா...

வீடு வரை.

திங்களன்று காரை வெய்யோவின் பட்டறையில் விட்டேன். மாலையில் போன் வந்தது.

"இதை இங்க யாருடா இழுத்துட்டு வந்தது?"

"நான்தான் ஓட்டிட்டு வந்தேன்."

"விளையாடாத. லிஃப்ட்ல ஏத்தி கியர் போட்டா சக்கரம் அசையவே இல்ல. உள்ள இருக்கிற தட்டெல்லாம் தேஞ்சு, பொடியா ஆயில்ல கிடக்கு. இது ஒரு மீட்டர்கூடப் போகாது."

அவுனேவைக் கூப்பிட்டேன். என்ன விஷயம் என்று அவர் கேட்கவில்லை.

"கவுக்கோ, என் வீட்டுக்காரர். போன பிப்ரவரி, கியர் பிடிக்காம நடுவழியில நின்னுடுச்சு. மக பஸ் ஸ்டாப்புல காத்துக்கிட்டிருந்தா. இறங்கித் தள்ளியிருக்கார். நல்லாப் பிடிக்கணும்னு கையுறையைக் கழட்டிட்டு. அங்கயே நெஞ்சு நின்னு போச்சு. அப்புறம் கார் தன்னால சரியாயிடுச்சு. அதான் வித்தேன்."

நான் போனை வைக்கப் போகும்போது அவரே சொன்னார்.

"டிக்கியிலருந்து அவர் கையை எடுக்க வெந்நீர் ஊத்த வேண்டியிருந்ததுப்பா."

அடுத்த முறை போக வேண்டிய வெள்ளி வந்தது. கியர்பாக்ஸுக்குப் பணம் இல்லை. பட்டறை முற்றத்தில் கார் நின்றது. என் தடித்த கையுறைகளை டிக்கியின் மேல் வைத்தேன். உள்ளே உட்கார்ந்து சாவியைப் பாதி மட்டும் திருப்பினேன். நியூட்ரலுக்கு மாற்றினேன்.

எஞ்சின் ஓடவில்லை.

காத்திருந்தேன்...

ரோவனியெமியில் சீரி அப்போதுதான் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். "சீக்கிரமே வந்துட்டியேப்பா."

டிக்கியைப் பார்த்தேன். எண்பத்தைந்து கிலோமீட்டர் வந்தும் கையுறைகள் வைத்த இடத்திலேயே இருந்தன.

பக்கத்தில் இரண்டு கைகள் பதிந்திருந்தன. இந்த முறை, பெயின்டோடு உரிந்து.