தங்கச்சியின் பூச்சி மாத்திரை

பள்ளிக்கூடத்தில் பூச்சி மாத்திரை கொடுக்கும் நாள் என்றால் எனக்குக் காலையிலேயே நாக்கு ஊறும். மென்று தின்கிற மாத்திரை அது. ஏதோ பழ வாசனை அடிக்கும், இனிக்கும். மற்ற பிள்ளைகள் அழுது ஆர்ப்பாட்டம் செய்ய, நான் மட்டும் வரிசையில் முதல் ஆளாக நிற்பேன். சமர்த்துப் பெண் என்று டீச்சர் தட்டிக்கொடுப்பார்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு, தங்கச்சி ஒன்றாம் வகுப்பு. சின்னப் பிள்ளைகள் மாத்திரையைத் துப்பிவிடுகிறார்கள் என்று, அக்கா அண்ணன் இருக்கிறவர்களைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார் டீச்சர். முந்தின நாளே நான் வேலையைத் தொடங்கியிருந்தேன்.

"வேப்பங்காய் மாதிரி கசக்கும்டி. துன்னா வயித்துல கீற பூச்சியெல்லாம் மூக்கு வழியா வந்துடும்."

டீச்சர் பதிவேட்டில் டிக் போடக் குனிந்ததும், தங்கச்சி மாத்திரையை என் உள்ளங்கையில் திணித்தாள். உயிர் பிழைத்த நிம்மதி அவள் முகத்தில். இரண்டையும் நானே மென்றேன். ஆறு மாதம் கழித்து அடுத்த முறை கொடுத்தபோதும் அப்படியே நடந்தது.

நைனா கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார். அம்மா தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவினாள். எங்கள் வீட்டில் கக்கூஸ் கிடையாது. தெருவே கம்பெனிச் சுவருக்குப் பின்னால் இருந்த முள்ளுக்காட்டுக்குத்தான் போகும். எங்களுக்குச் செருப்பு இருந்தது, ஆனால் அது பள்ளிக்கூடத்துக்கு. அசிங்கத்தை மிதித்த செருப்பு வீட்டு வாசலுக்கு வரக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். அதனால் வெறுங்காலோடு போவோம், திரும்பி வந்து வாசலில் காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு உள்ளே நுழைவோம். சுத்தமான குடும்பம் என்று தெருவில் எங்களுக்குப் பெயர் வேறு.

அந்த வருஷம் மழைக்குப் பிறகு தங்கச்சி மண் தின்ன ஆரம்பித்தாள். முகம் வெளுத்து, வயிறு மட்டும் முன்னே தள்ளியது. நாலு எட்டு ஓடினால் மூச்சு வாங்கும். கம்பெனிப் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள் சிலர், கண்ணு பட்டிருக்கிறது என்றார்கள் சிலர். அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"நீ பெரியவ. அவ மேல ஒரு கண்ணு வெச்சிக்கினே இரு. மண்ணு துன்னா வந்து சொல்லு."

பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. போலீஸ் வேலை கிடைத்த மாதிரி அவள் பின்னாலேயே திரிந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மண் சுவரை நகத்தால் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தவளைப் பார்த்துவிட்டு ஓடிப் போய்ச் சொன்னேன்.

"சூடு வெச்சாத்தான் இந்தப் பழக்கம் போவும். என் பையனுக்கு அப்படித்தான் போச்சி" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை.

அம்மா கரண்டியை அடுப்பில் காய்ச்சினாள். தங்கச்சியின் காலை நான்தான் பிடித்துக்கொண்டேன். கெண்டைக்காலில் கரண்டி பட்டதும் அவள் போட்ட சத்தத்தில் என் கைகள் தானாகவே விட்டுவிட்டன. பிறகு அம்மாவும் அழுதாள். அழுதுகொண்டே புண்ணில் பற்பசையைத் தடவினாள். தங்கச்சி தேம்பித் தேம்பி என்னிடம்தான் தண்ணீர் கேட்டாள். அந்தத் தேம்பல் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது.

சூடு வைத்த பிறகும் அவள் மண்ணை விடவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்கூடத்துப் பிரேயரில் மயங்கி விழுந்தாள். அம்மா வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து எங்கள் இருவரையும் பஸ்ஸில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டரம்மா தங்கச்சியின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே துவைத்த துணி மாதிரி வெளுத்திருந்தது. பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் சொறிந்த புண்.

"உடம்புல ரத்தமே இல்லம்மா. இப்படியே உட்டிருந்தா புள்ள கையில தங்கியிருக்காது. செருப்பு போட மாட்டாளா?"

"செருப்பு இஸ்கூலுக்கும்மா. வெளிய போறதுக்கு எதுக்கு?"

வெளிக்குப் போகிற இடத்து மண்ணில் இருக்கும் கொக்கிப் புழு உள்ளங்கால் வழியாகவே உடம்புக்குள் ஏறிவிடும் என்றும், குடலைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும் என்றும், ரத்தம் வற்றினால் பிள்ளைக்கு மண் ஆசை வரும் என்றும் டாக்டரம்மா சொன்னார். அம்மா தங்கச்சியின் கெண்டைக்காலைப் பாவாடையால் மூடினாள்.

"இஸ்கூல்ல பூச்சி மாத்திரை குடுத்தாங்களா?"

"ரெண்டு வாட்டி குடுத்தாங்கோ. பெரியவ பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தா." அம்மா என் பக்கம் திரும்பினாள். "இன்னாடி, துன்னாளா இல்லயா?"

காய்ச்சிய கரண்டிதான் என் கண் முன்னால் நின்றது.

"துன்னேன்" என்றாள் தங்கச்சி, கட்டிலில் படுத்தபடியே. "கசந்துச்சி."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. தங்கச்சியைப் பார்த்தார், பிறகு நிதானமாக என்னைப் பார்த்தார். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிரித்து எடுத்து, "இத என் முன்னாடியே மெல்லு" என்று அவளிடம் நீட்டினார்.

தங்கச்சி கண்ணை இறுக்கி மூடி, மூக்கை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மென்றாள். மெல்ல மெல்ல விரல்கள் தளர்ந்தன. கண்ணைத் திறந்தவள், அம்மாவுக்குக் கேட்காதபடி எழுந்து என் காதருகே சாய்ந்து சொன்னாள்.

"இனிக்குதுக்கா."

அவளை அங்கேயே சேர்த்து ரத்தம் ஏற்றினார்கள். மாதக்கணக்கில் சத்து மருந்து குடித்துத் தேறினாள். கெண்டைக்காலில் அந்தத் தழும்பு மட்டும் இருக்கிறது. இப்போதும் அவள் காலை நீட்டி உட்கார்ந்தால் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். அவளைச் சேர்த்த அன்றைக்கு, என்னைக் கூப்பிட வந்த நைனாவோடு திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இவளுக்கு ஆளை மாட்டிவிடத் தெரியவில்லை, நான் தப்பித்தேன் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்தேன். சூடு எப்படி வலிக்கும் என்று எங்கள் வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும் என்பது எனக்கு அப்போது புரியவில்லை.